நுனி மட்டும்

“பொய் சொல்லாதே. மறுபடி வரை,” என்று சொல்லி லிபுஷே ஈரத்துணியால் கண்ணாடியைத் துடைக்கிறாள். கசாப்புக்கடை அலோயிஸ், ஆஜானுபாகுவான ஆள், கழுத்தைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். முடிவெட்ட வரவில்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் துண்டைக் கட்டிவிடுவது அவள் கைப்பழக்கம். கண்ணாடியில் சோப்பு நுரையைப் பூசுகிறாள். அலோயிஸ் விரலால் அதில் ஒரு கோடு இழுக்கிறான். நேராக மேலே, நேராகக் கீழே.

“உன் புள்ளி இவ்வளவு யோக்கியமா ஏறி இறங்கினா, நீ ஏன்யா துப்பாக்கியைத் தூக்கிட்டு என்கிட்ட வரே?”

காது சிவக்க அலோயிஸ் இன்னொரு முறை வரைகிறான். இந்தத் தடவை கோடு வலப்பக்கம் சாய்ந்து, கொக்கி போல் வளைந்து, புறப்பட்ட இடத்துக்குச் சற்றுக் கீழே போய் நிற்கிறது. “ஆங், இப்பதான் உண்மை வருது,” என்று அவள் அவனுடைய கார்பைனைப் பெட்டியிலிருந்து எடுக்கிறாள்.

கார்பைன் என்றால் தோளில் வைத்துச் சுடும் குட்டைத் துப்பாக்கி. எங்கள் போட்டிக்கான கார்பைன், கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தின்பது. ஓடிக்கொண்டே அட்டைகளையும் இரும்புத் தட்டுகளையும் சுட வேண்டும். குறியும் கணக்கு, நேரமும் கணக்கு. பார்வைக் கண்ணாடியில் தெரிகிற சிவப்புப் புள்ளி ஒவ்வொரு வெடிக்கும் துள்ளும். அலோயிஸ் நுரையில் வரைந்தது அந்தத் துள்ளலைத்தான். அது சீக்கிரம் வீடு திரும்பினால் அடுத்த தோட்டாவைச் சீக்கிரம் அனுப்பலாம். உள்ளே முன்னும் பின்னும் ஓடுகிற இரும்பின் எடையையும் அதைத் திருப்பித் தள்ளுகிற ஸ்பிரிங்கையும், சுடுகிற ஆளுக்கும் போடுகிற தோட்டாவுக்கும் ஒத்துப்போகும்படி மாற்றி மாற்றிப் பார்ப்பதுதான் லிபுஷே செய்வது. அதை வேலை என்று சொன்னால் கோபித்துக்கொள்வாள். வேலை என்றால் முடி வெட்டுவது. இது ஆசை.

இரண்டுக்கும் அவளுக்கு ஒரே வாசகம்தான். “பயப்படாதே, நுனி மட்டும்.” எங்கள் ஊரில் அந்த வார்த்தையை நம்பி உட்கார்ந்து, காது தெரிய எழுந்து போன பெண்கள் நிறையப் பேர் உண்டு. துப்பாக்கியிலும் அப்படியே. ஒரு திருகை அரைச் சுற்று திருகப்போவதாகச் சொல்வாள். நாம் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் முழுத் துப்பாக்கியும் துண்டின்மேல் பரப்பிக் கிடக்கும். கழுத்து முடி தட்டுகிற பிரஷ்ஷால் அதன் கரியைத் தட்டிக்கொண்டிருப்பாள். என் தலையில் அவளுக்கு வெட்ட ஒன்றுமில்லை. அந்தக் குறையை என் கார்பைனில் தீர்த்துக்கொள்கிறாள் என்று நினைக்கிறேன்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். கண்ணை வேலையிலிருந்து எடுக்காமல் இடது உள்ளங்கையைப் பின்னால் நீட்டுவாள். என்ன வேண்டும் என்று சொல்லமாட்டாள். சீப்பா, கிளிப்பா, திருகு கழற்றுகிற ஆலன் கீயா, எண்ணெயா, பின்னால் நிற்பவர்தான் புரிந்துகொண்டு வைக்க வேண்டும். தவறாக வைத்து நான் வாங்கிய திட்டுகளை இங்கே அச்சிட முடியாது. ஒருமுறைகூடத் தவறாமல் வைப்பவன் ஒருவன்தான், அவள் கணவன் சிரில்.

சிரில் என் பள்ளித் தோழன், டவுன் பஸ் ஓட்டுகிறான். நாலு பேர் கூடினால் வாய் திறக்கமாட்டான். துப்பாக்கியைத் தொடவும் மாட்டான், சத்தம் ஆகாது. ஆனால் அவள் சுடுகிற தோட்டாக்கள் அத்தனையும் அவன் கையால் ஆனவை. வீட்டு நிலவறையில், வெள்ளரி ஊறுகாய் ஜாடிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெடிமருந்தைத் தராசில் நிறுத்து, நெம்புகோலை இழுத்து, ஒவ்வொன்றாகச் செய்வான். கல்யாணமான காலத்திலிருந்து ஒரே அளவு மருந்து.

போன குளிர்காலத்தில் லிபுஷேவுக்கு வலது தோளில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நாள் முழுக்கக் கையைத் தூக்கி முடி வெட்டுகிறவர்களுக்கு வருகிற கிழிசல். வசந்தத்தில் கையைத் தாங்கிய தொட்டில்கட்டை அவிழ்த்த மறு வாரமே கல்குவாரியில் இருக்கிற எங்கள் கிளப்புக்கு வந்து நின்றாள். இலையுதிர்காலத்தில் மண்டலப் போட்டி. எங்கள் கிளப்பில் ஆள் குறைவு. அவள் இல்லையென்றால் அணியே இல்லை. அதற்காக அவள் வரவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

“நான் இன்னும் சுடறவளா, இல்லை நோயாளியா, அது எனக்குத் தெரிஞ்சாகணும்,” என்றாள். “பாவம் பார்த்து எவனாவது எனக்கு இடம் குடுத்தீங்க, அத்தனை பேருக்கும் மொட்டைதான். நீ சிரிக்காதே வழுக்கைத்தலையா, உனக்கு வேற ஏதாவது யோசிக்கிறேன்.”

சுட ஆரம்பித்தாள். கார்பைன் தடுமாறியது. இரும்பு பாதி வழியில் சோர்ந்து திரும்பிவர, சுட்டு முடித்த கூடு வெளியே வராமல் வாயிலேயே சிக்கிக்கொண்டது. நான் கிளப்பில் மதிப்பெண் குறிக்கிறவன், பக்கத்திலேயே நிற்பவன். ஒன்று கண்ணில் பட்டது.

“லிபுஷே, கூடெல்லாம் உன் காலடியிலயே விழுது. முன்னாடி அந்தத் தண்ணிப் பீப்பாய் வரைக்கும் பறக்குமே?”

“உன் கண்ணை யாரு இப்ப கேட்டா?” என்றவள், சிரில் எங்கே என்று பார்த்தாள். அவன் தூரத்தில் காருக்குப் பக்கத்தில் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்தினாள். “மருந்தைக் குறைச்சிருக்கான்.”

“அவனே சொன்னானா?”

“சொல்வானா? இத்தனை வருஷமா இந்தத் தோள் அந்தத் தோட்டாவை வாங்கியிருக்கு, மொத வெடியிலயே தெரிஞ்சுபோச்சு. எனக்கு வலிக்கக் கூடாதாம். கேட்டா கத்துவேன்னு திருட்டுத்தனமா பண்றான், மடையன்.”

“அப்ப கத்த வேண்டியதுதானே?”

அவள் கார்பைனைப் பிரித்துத் துண்டின்மேல் வைத்தாள். “குளிர்காலம் பூரா அவன்தான் எனக்குத் தலைக்கு ஊத்திவிட்டான். பாத்திரம் கழுவற சோப்புத் தண்ணியைப் போட்டு! சலூன் வெச்சிருக்கறவ தலையில! நான் ஒரு வார்த்தை பேசலை. அவன் கை அவ்வளவு மெதுவா இருந்துச்சு. இப்ப தோள் ஆறிப்போச்சு, அந்த வேலையும் அவனுக்கு இல்லை. இதையாவது வெச்சுக்கட்டும் போ.”

அவள் இடது உள்ளங்கை பின்னால் நீண்டது. எண்ணெய்ப் புட்டியை எடுத்து வைத்தேன். அது ஆலன் கீ கேட்ட கை. திட்டு விழுந்தது.

கோடை முழுவதும் அந்த இளைத்த தோட்டாவுக்கேற்பத் தன் கார்பைனை மாற்றினாள். உள்ளே ஓடுகிற எடையைக் குறைத்தாள், மெல்லிய ஸ்பிரிங் போட்டாள், கழற்றினாள், வேறொன்று போட்டாள். கடைசியில் அது தடுமாறுவதை நிறுத்தியது. சிவப்புப் புள்ளி தூக்கத்தில் புரண்டு படுக்கிற குழந்தை மாதிரி லேசாக அசைந்து அதே இடத்தில் அடங்கியது. அலோயிஸ் வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டு, “என்ன மாயம் பண்ணே?” என்று கேட்டான். “எல்லாம் இவர் பண்ற தோட்டாதான்,” என்று சிரிலைக் காட்டினாள். அவன் சட்டென்று குனிந்து ஷூ கயிறு கட்ட ஆரம்பித்தான்.

ஆனால் போட்டியில் ஒரு சோதனை உண்டு. யாரும் வீரியம் குறைந்த தோட்டாவைப் போட்டு நோகாமல் சுட்டுவிடக் கூடாது என்று, தோட்டா அடுக்கி வைக்கிற ஒவ்வொருவர் மேகசினிலிருந்தும் சில தோட்டாக்களை எடுத்து எடை போட்டு, கருவி வைத்து வேகம் அளப்பார்கள். எல்லைக்குக் கீழே போனால் அன்று முழுக்கச் சுட்டதற்கும் பூஜ்யம்தான். அதோடு ஏமாற்றுக்காரி என்ற பேச்சும் வரும்.

போட்டிக்கு முந்தின வாரம் என் வீட்டுக்கு வந்தாள். நானும் தோட்டா செய்பவன்தான்; பழைய அளவில் ஒரு பெட்டி செய்து தரச் சொன்னாள். சிரிலின் பெட்டியைச் சலூன் துண்டுகளுக்கு அடியில் ஒளித்துவிட்டு, இதை வைத்துவிடுவதாகத் திட்டம். கார்பைனுக்குள் பழைய கனத்த எடையையும் முரட்டு ஸ்பிரிங்கையும் திரும்பப் போட்டிருந்தாள்.

“அவன்கிட்ட சொல்லிடேன்,” என்றேன்.

“எதுக்கு? அவனுக்குத் தெரியாமலே முடிச்சுடலாம். சின்ன வேலைதான். நுனி மட்டும்.”

செய்து கொடுத்தேன். போட்டி நாள் காலையில் சோதனை மேசை முன் வரிசை நின்றது. கண்ணாடி போட்ட ஒரு பெண் அதிகாரி லிபுஷேயின் மேகசினைக் கேட்டு வாங்கித் தோட்டாக்களை எடுத்து வைத்தாள். எடை போட்டு முடித்து, வேகம் அளக்க ஆயத்தமானபோது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு சிரில் வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

“ஒரு நிமிஷம்மா. தப்பு என்னோடது, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. மருந்தை நான்தான் குறைச்சேன். ரொம்ப இல்லை. நுனி… நுனி மட்டும்தான். போட்டிக்காவது பழைய அளவு போடணும்னு ராத்திரியெல்லாம் நினைச்சேன். தையல் போட்ட இடம் இன்னும் செவப்பா இருக்கு. எனக்குக் கை வரலை. அவளை ஏமாத்துக்காரின்னு எழுதிடாதீங்க.”

அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

“ஐயா, நீங்க குழலுக்கு முன்னாடி நிக்கறீங்க. மொதல்ல இந்தப் பக்கம் வாங்க,” என்றாள் அதிகாரி.

வெடிச் சத்தம் கேட்டது. அவள் கருவியைப் பார்த்தாள், கணக்குப் போட்டாள், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சிரிலைப் பார்த்தாள். “என்ன குறைச்சீங்க? எல்லைக்கு எவ்வளவோ மேல இருக்கே. அடுத்தது யாரு?”

சிரில் கருவியைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான். லிபுஷே பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். “உன் தராசு கெட்டுப்போச்சுய்யா கிழவா. வீட்டுக்குப் போனதும் பார்க்கணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். அலோயிஸ் சிரிலின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினான். சிரில் மட்டும் சிரிக்கவில்லை. அவன் தராசு கெட்டுப்போகிற ஜாதி இல்லை என்பது அவனுக்குத் தெரியும். என்னைப் பார்த்தான். நான் மேகத்தைப் பார்த்தேன். அவனுக்குப் புரிந்துவிட்டது.

அன்று அவள் ஒரு சுற்று விடாமல் சுட்டாள். ஒரு தடுமாற்றம் இல்லை. எங்கள் அணி பட்டியலின் நடுவில் எங்கோ வந்தது. அலோயிஸ் மட்டும் மூன்று தட்டுகளைத் தவறவிட்டுவிட்டு வெயிலைக் குறை சொன்னான். சாயங்காலம் புகையில் வெந்த சாசேஜுக்கும் பீருக்கும் எல்லோரும் உட்கார்ந்தபோது, லிபுஷே கோப்பையை இடது கையால் எடுத்ததைக் கவனித்தேன். சிரிலும் கவனித்தான். வீடு திரும்பும்போது, ரோட்டின் ஒவ்வொரு குழிக்கும் வண்டியை நிறுத்தாத குறையாக அவன் ஓட்டினான்.

அடுத்த பயிற்சி நாளில் கல்குவாரிக்குப் போனேன். லிபுஷே மேசையில் துண்டை விரித்துக் கார்பைனைப் பிரித்துப்போட்டிருந்தாள். முரட்டு ஸ்பிரிங்கும் கனத்த எடையும் ஓரமாகக் கிடந்தன. மெல்லியதை உள்ளே போட்டு மூடி, இழுத்துப் பார்த்தாள். பின்னால் சிரில், கோட்டுப் பைகள் இரண்டும் புடைக்க நின்றுகொண்டிருந்தான். ஒரு பையில் பழைய அளவுத் தோட்டா, மற்றதில் இளைத்தது. எதைக் கேட்பாள் என்று தெரியாமல் இரண்டையும் செய்து கொண்டுவந்திருந்தான்.

அவள் கண்ணைக் கார்பைனிலிருந்து எடுக்கவில்லை. இடது உள்ளங்கையைப் பின்னால் நீட்டினாள்.

சிரில் ஓரமாகக் கிடந்த முரட்டு ஸ்பிரிங்கைப் பார்த்தான். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, இளைத்த தோட்டாப் பெட்டியை எடுத்து அந்தக் கையில் வைத்தான். அவள் விரல்கள் பெட்டியோடு சேர்த்து அவன் விரல்களையும் மூடிக்கொண்டு, கொஞ்ச நேரம் விடாமல் இருந்தன.