மயிலாத்தாள் கேட்ட புல்தரை

திருமுருகன்பூண்டியில் வீடு கட்டும்போது மயிலாத்தாள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பின்புறத்தில் கொஞ்சம் பச்சைப் புல். கிரானைட்டும் தேக்குக் கதவும் கணவர் திருமூர்த்தியின் ஆசை. குன்னத்தூரிலிருந்து கல்யாணமாகி வந்தது முதல் அவருடைய பனியன் கம்பெனியில் நின்றபடியே தைத்து வந்த பீஸ்களில் பழுது பார்த்து, நூல் பிசிறு வெட்டி, ஆள் வராத நாளில் பெட்டியும் கட்டியவள் அவள். வயதான காலத்தில் சாயங்காலமானால் புல்லில் காலை நீட்டி உட்கார வேண்டும். அவ்வளவு உழைப்புக்கும் அவள் கேட்ட கூலி அதுதான்.

புல் வந்தது, ஆனால் பிடிக்கவில்லை. இங்கே ஒரு திட்டுப் பச்சை, அங்கே ஒரு சொட்டை. புல் வைத்தவன் சரியில்லை என்றார் திருமூர்த்தி. பிறகு தண்ணீர் சரியில்லை, வெயில் சரியில்லை, நாய் சரியில்லை. வருடத்துக்கு ஒரு குற்றவாளியைப் பிடித்துக் கொடுத்தார். கடைசியில் மகன் கவின் தீர்ப்புச் சொன்னான்.

"பேவர் கல்லு போட்டர்லாம்மா. வர்ற திங்கக்கெழம லோடு வருது. ரெண்டு காரு நிக்கும்."

"நா எங்க உக்கார்றது கண்ணு?"

"உள்ள ஏசி இருக்குதல்லம்மா."

மயிலாத்தாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேலையை இழுத்துச் செருகினாள். கடப்பாரையை எடுத்துப் பெரிய சொட்டையின் நடுவில் ஓங்கி ஒரு போடு போட்டாள்.

ஒரு சாண் இறங்கி, மெத்தையில் குத்தினது போல மெத்தென்று நின்றது. பிடுங்கினால் நுனியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணி. கையால் பறித்தாள். நீலம், ரோஸ், கோடு போட்டது என்று வந்துகொண்டே இருந்தது. எல்லாம் கட்டிங் டேபிளில் விழுகிற துண்டுகள். பருத்தியென்றால் எப்போதோ மக்கியிருக்கும். இது பாலியஸ்டர், நேற்று வெட்டியது போலப் பளபளத்தது. வீடு கட்டும்போது பின்புறம் இருந்த பள்ளத்தை நிரப்ப நல்ல மண் வாங்காமல் கம்பெனிக் கழிவைக் கொட்டி, மேலே கொஞ்சம் மண்ணைத் தூவிப் புல்லை வைத்திருக்கிறார் மனுஷர். பாவம், வேர் எங்கே போகும்?

துணியோடு முன்கூடத்துக்குப் போனாள்.

"ஏனுங்க, இது என்னுங்க?"

திருமூர்த்தி பேப்பரை உயர்த்திப் பிடித்துக்கொண்டார். "அப்ப எல்லாருந்தான் கொட்டுனாங்க."

"இத்தன வருசமா நாயி மேல பழி போட்டீங்களேங்க!"

பேப்பர் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

அதற்குப் பிறகு அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. சொட்டை சொட்டையாகத் தோண்டினாள். கை கொப்புளித்துவிட்டது, விடுங்கம்மா என்று கவின் கெஞ்சினான். கொப்புளம் எனக்கு என்ன புதுசா என்றாள். அவள் தம்பி இளங்குமரன் குன்னத்தூரிலிருந்து டெம்போவில் செம்மண்ணும் ஆட்டெருவும் தோட்டத்து வரப்பில் அறுத்த அருகம்புல்லும் கொண்டுவந்து இறக்கினான். அந்த டெம்போ வெளியேறியதும், தோண்டியெடுத்த துணியையெல்லாம் மூட்டை கட்டி, பின்புறம் போகிற ஒரே சந்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவைத்தாள்.

திங்கட்கிழமை கல் லாரி வந்து மூட்டைச் சுவரின் முன்னால் நின்று ஹாரன் அடித்தது.

"என்னம்மா இது?" கவின் ஓடிவந்தான்.

"உங்கப்பா சேத்து வெச்ச சொத்து சாமி."

கவின் அப்பாவைப் பார்த்தான். அப்பா மூட்டையைப் பார்த்தார்.

மயிலாத்தாள் மூட்டைகளுக்கு முன்னால் வந்து நின்றாள். சேறு முழங்கை வரை அப்பியிருந்தது. "கல்லக் கொண்டுபோயி கம்பெனில போட்டுக்க. அங்க நா நின்னது போதும். இங்க நா உக்காரப் போறன்."

அந்தக் குரலைக் கவின் அதற்கு முன் கேட்டதில்லை. லாரி திரும்பிப் போனது. மூட்டைகளைக் கழிவு வாங்குகிறவர்கள் பிறகு வந்து அள்ளிப் போனார்கள்.

ஐப்பசி மழையில் அருகு படர்ந்தது. கம்பளம் போலெல்லாம் இல்லை, கொஞ்சம் முரட்டுப் புல்தான். ஆனால் சொட்டை இல்லை. மயிலாத்தாள் சாயங்காலமானால் அதில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

ஒரு நாள் திருமூர்த்தியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். "நானும் கொஞ்சம் உக்காரட்டா?"

"சேரு வேண்டாமுங்க, புல்லு நசுங்கிப்போயிரும்." அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "நின்னுக்கிட்டே பாருங்க. உங்க கம்பெனில அத்தன வருசம் நா நின்னனல்லங்க."

திருமூர்த்தி நாற்காலியைக் கீழே வைக்காமல் நின்றார். மயிலாத்தாள் காலை இன்னும் கொஞ்சம் நீட்டிக்கொண்டாள்.