அடிப்பிடித்த பானை

இது நடந்தது. நம்பாதவர்கள் சிட்னியின் கெல்லிவில்லில் சுதர்சன் வீட்டுக்கு ஒருமுறை சாப்பிடப் போய்ப் பாருங்கள். அங்கே யாரும் பாத்திரத்தின் அடியைச் சுரண்டுவதில்லை. நீங்கள் சுரண்டினால், சுதர்சன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விடுவார்.

பழைய உலோகப் பாத்திரங்களை ஆராய்வது அவர் வேலை. இங்கிலாந்தில் ஒரு வயலில் தோண்டியெடுத்த வெண்கலப் பானை ஒன்று சிட்னியில் அவருடைய ஆய்வகத்துக்கு வந்திருந்தது. மூன்று கால். ஐந்நூறு வயதுக்கு மேல். அடியில் கறுப்பாய் ஒரு தீய்ந்த படலம். யாரோ கடைசியாகச் சமைத்த சாப்பாடு. அது என்னவென்று கண்டுபிடிக்கத்தான் பானையே அவரிடம் வந்தது.

அதை ஆய்வகத்துக்கு வெளியே எடுக்கக் கூடாது. பொங்கலன்று எடுத்தார். விருந்துக்கு வரும் நண்பர் அருந்தவனிடம் காட்டிப் பெருமையடிக்க ஆசை. சமையல் மேடையில் வைத்துவிட்டு, மனைவி ஹரிப்பிரியாவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், அருந்தவனை அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போனார்.

திரும்பி வந்தால், பானை தங்கமாய் மின்னியது.

"புளி போட்டு ஒரு தேய் தேய்ச்சேன்," என்றாள் ஹரிப்பிரியா. "பொங்கப் பானை வாங்கினா எங்கிட்ட சொல்லக் கூடாதா? செகண்ட்ஹாண்டா? அடியில எவ்ளோ கரி!"

"அந்தக் கரி..."

"சுரண்டி சிங்க்ல விட்டுட்டேன்."

அருந்தவன் சிரித்தார். "என்ன சுதர்சன், முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு? மனுசி பானையைத்தானே மினுக்கினவ!"

உண்மையைச் சொன்னால் மானம் போகும்.

"ஒண்ணுமில்ல. இதுல பொங்க வேண்டாம்" என்று பானையைக் கவிழ்த்து வைத்தார்.

மூவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மணி ஏழு நாற்பது. சிட்னியில் பொங்கல் கோடையில் வரும்; ஜன்னலில் இன்னும் வெயில்.

சர்ர்ர்...

சமையலறையில் யாரோ சுரண்டும் சத்தம்.

"பூனையோ?" என்றார் அருந்தவன்.

"எங்க வீட்ல ஏது பூனை?" என்றாள் ஹரிப்பிரியா.

சுதர்சன் போய்ப் பார்த்தார். பானை நிமிர்ந்து நின்றது. கவிழ்த்துவிட்டு வந்தார்.

சர்ர்ர்... சர்ர்ர்...

மறுபடியும் நிமிர்ந்திருந்தது. தீய்ந்த வாடை. அடுப்பு அணைந்துதான் இருந்தது. உள்ளே கைவிட்டார்.

அடி சுட்டது.

அவர் விரல்களை... வேறு விரல்கள் தொட்டன.

சின்ன விரல்கள்.

அவர் கையை மெல்ல ஒதுக்கின.

சர்ர்ர்...

திங்கட்கிழமை, பானையைத் தோண்டியெடுத்த பெண்மணி வீடியோவில் பேசினார். வரும் வழியில் படலம் உதிர்ந்துவிட்டது என்று சுதர்சன் கூசாமல் பொய் சொல்லி, பானையின் உட்புறத்தைக் காட்டினார்.

அடியில் நான்கு கீறல்கள், நெருக்கமாக.

இங்கிலாந்திலிருந்து அனுப்பும்போது எடுத்த எக்ஸ்ரேயில் இவை இல்லையே என்றார் அந்தப் பெண்மணி. பிறகு குரலைத் தாழ்த்தினார். பானையோடு எலும்புகளும் கிடைத்திருந்தன. சோதனை முடிவு போன வாரம்தான் வந்ததாம். ஐந்து வயதுக் குழந்தை. பட்டினிச் சாவு. ஒரு கை பானைக்குள் இருந்தது. விரல் நுனிக்கும் அந்தத் தீய்ந்த படலத்துக்கும் நடுவே ஓர் அங்குலம்...

சுதர்சன் கேமராவை அணைத்தார். பயத்தில் அல்ல. தன் முகத்தை யாருக்கும் காட்ட அவருக்குத் துணிவில்லை.

அன்று மாலை வீட்டில், சிங்க் குழாய்க்குள்ளிருந்து அதே சத்தம்.

"ஏதோ அடைச்சிருக்கு, பிளம்பரைக் கூப்பிடுங்க," என்றாள் ஹரிப்பிரியா. அவளுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது.

சுதர்சன் தலை நிமிரவில்லை.

சர்ர்ர்...