பலாமரத்தின் பதில்

செம்மேட்டுப் பள்ளியில் இன்று ஆங்கிலத்தில் ‘மே’, ‘கேன்’, ‘மஸ்ட்’ பாடம். ‘மே ஐ கம் இன் மிஸ்’ என்று கத்திக்கொண்டே பிள்ளைகள் எப்போதும் உள்ளே வந்துவிடுவார்கள். நான் வாய் திறப்பதற்குள் பாதிப்பேர் உட்கார்ந்திருப்பார்கள். புதிதாகச் சேர்ந்த பொன்னி மட்டும் கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றாள். அவள் கையிலிருந்து பலாப்பழ வாசனை வந்தது.

எங்கள் அப்பா யாருக்கும் பணிந்து பேசாதவர். ஆனால் பழம் வெட்டப் போனால் பலாமரத்தடியில் மட்டும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, “ஏறட்டுங்களா, சாமி?” என்பார். பிறகு அண்ணாந்து பார்த்தபடி நிற்பார். ஓர் இலை விழுந்தால்தான் ஏறுவார். சின்னப் பிள்ளையான நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன்.

ஒருநாள் வியாபாரியின் லாரி ரோட்டில் காத்திருந்தது. மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அப்பா வெகுநேரம் நின்றுவிட்டு, கத்தியை இடுப்பில் செருகினார். “இன்னைக்கு வேண்டாங்குது, கண்ணு. ஊட்டுக்குப் போலாம்.” லாரி காலியாக மலையிறங்கியது. அந்த மரம் அன்று எனக்கு வானம் வரைக்கும் உயர்ந்து தெரிந்தது.

பொன்னி இன்னும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இத்தனை வருட டீச்சர் வேலையில், என் பதிலுக்காக ஒருவர் நிற்பது இதுதான் முதல்முறை.

“வாங்க, சாமி” என்றேன்.