அங்குல ஸ்குரூ

எங்கள் வீட்டில் இருந்தது பிரெஞ்சுக் கார். பிரெஞ்சு ஆட்சி முடிந்தபோது சொந்த ஊருக்குத் திரும்பிய ஒரு துரை, தன் அலுவலகத்தில் எழுத்தராக இருந்த தாத்தாவிடம் அதை விட்டுப்போனார். தாத்தாவுக்குப் பிறகு அது அப்பாவிடம் வந்தது. எழுபதுகளின் கடைசியில், காரைக்காலை அடுத்த எங்கள் வரிச்சிக்குடித் தெருக்களில் அது போனால் மாடுகள் மிரண்டன. கடற்காற்று பட்டுக் கதவுகளின் அடிப்பாகம் துருவேறிப் பொரிந்துபோயிருந்தது. ஆனாலும் வண்டி ஓடியது. அதற்குக் காரணம் ஒரு விஷயத்தில் அப்பா காட்டிய கண்டிப்பு.

அந்தக் காரின் ஸ்குரூக்கள் எல்லாம் மில்லிமீட்டர் அளவு. காரைக்கால் கடைகளில் அப்போது கிடைத்தவை பெரும்பாலும் அங்குல அளவு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அங்குல ஸ்குரூவை மில்லிமீட்டர் துளையில் விட்டால் முதல் இரண்டு சுற்று சாதுவாகப் போகும். பிறகு துளைக்குள் வெட்டியிருக்கும் மரையைத் தின்றுகொண்டு நடுவழியில் இறுகிவிடும். காரைத் தொட வந்த யாரையும் இந்தப் பிரசங்கத்தைக் கேட்காமல் அப்பா விட்டதில்லை.

அப்பாவின் தங்கையான அத்தை எங்களோடு இருந்தாள். கல்யாணமான சில மாதங்களில் மாமா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கே எல்லாம் ஒழுங்கானதும் அத்தையை அழைத்துக்கொள்வதாக ஏற்பாடு. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்த ஏற்பாடு அப்படியேதான் இருந்தது. விசேஷ வீடுகளில் அத்தையை யார் பக்கத்தில் உட்காரவைப்பது என்று அம்மா யோசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சாயங்காலம், அதே பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் பாண்டிச்சேரி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொன்னபோது மறுத்துவிட்டார்.

"மாப்பிள்ளை லீவுல வந்திருக்காரு. பாண்டியில அவங்க அக்கா வீட்டுல இருக்காரு" என்றார்.

கதவுக்குப் பின்னால் நின்ற அத்தை கேட்டது அவ்வளவுதான். பெரியவரை வழியனுப்பத் தெருமுனைவரை போன அப்பா திரும்பிவர வெகுநேரமாயிற்று. வந்ததும் பசியில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனார்.

அத்தை அன்றைக்கே பெட்டியில் துணிகளை அடுக்கிவிட்டாள். எங்கள் குடும்பங்களில் பெண்ணைப் புருஷன் வந்து அழைத்துப்போக வேண்டும். இல்லையென்றால் கூடப்பிறந்தவன் கொண்டுபோய் விட வேண்டும். பஸ்ஸில் போய்ப் பெட்டியும் கையுமாக இறங்கினால், இடம் கேட்டு வந்து நிற்கிறாள் என்று ஆகிவிடும். வாடகைக் கார் பிடித்தால் டிரைவர் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். எனவே எங்கள் காரில்தான் பயணம். துணைக்கு நானும் போவதாக முடிவாயிற்று. பாண்டிச்சேரிக் கடற்கரையை நான் அதுவரை பார்த்ததில்லை.

விடிந்ததும் அப்பா பானெட்டைத் தூக்கினார். "பாயிண்ட்ட ஒரு தடவ பாத்துடறேம்மா. வழியில நின்னுட்டா நல்லாருக்காது" என்றார். எஞ்சினுக்குத் தீப்பொறியைப் பங்கிட்டுத் தரும் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் என்று ஒரு சின்னத் தகடு உண்டு. அதை ஒரே ஒரு ஸ்குரூதான் பிடித்திருக்கும். தகடு ஆடினால் பொறி வராது, வண்டியும் கிளம்பாது.

நல்ல நேரம் தப்பிவிடக் கூடாது என்று அத்தை பட்டுப்புடவையோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் அப்பாவின் குரல் கேட்டது. ஸ்குரூ பாதியில் மாட்டிக்கொண்டது. திருப்புளி பிடிக்க வேண்டிய காடியும் மழுங்கிவிட்டது. இனி அது உள்ளேயும் போகாது, வெளியேயும் வராது.

"ஆவுறப்ப ஆவட்டும். நீ எறங்கி உள்ள வந்து உக்காரு" என்றாள் அம்மா.

"கெளம்பி ஏறுனவ எறங்கக் கூடாது அண்ணி. எனக்கு இங்க ஒண்ணும் கொறச்சல் இல்ல."

அத்தை இறங்கவே இல்லை. மத்தியானம் தயிர்சாதம் கார் சன்னல் வழியாக வந்தது. வெயிலில் தகரக் கூரை சுட்டது. தெருவில் போன எதிர்வீட்டுக்காரி குனிந்து எட்டிப்பார்த்து, "என்னடி, பாண்டிச்சேரி வந்துடுச்சா?" என்று கேட்டாள். "இப்பதான் தரங்கம்பாடி தாண்டுறோம். நீயும் வர்றதுன்னா ஏறிக்க" என்றாள் அத்தை. அவள் சிரித்தபடி போன பிறகு அத்தை சன்னல் கண்ணாடியைப் பாதி ஏற்றிவிட்டாள்.

அப்பா ஸ்குரூவின் மேல் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்தார். பெரிய திருப்புளியை வைத்து அழுத்தினார். குறடால் பிடிக்கப் பார்த்தார். தலை பள்ளத்தில் இருந்ததால் பிடி கிடைக்கவில்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் அடுத்ததற்கும் நடுவில் நெடுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. பானெட் அவர் முகத்தை மறைத்திருந்தது. அதற்கு அடியில் இருந்த சந்தில் கைகள் மட்டும் தெரிந்தன. அவை பெரும்பாலும் சும்மாதான் இருந்தன.

வெயில் தாழ்ந்ததும் அத்தை சன்னல் வழியாகவே ஆளைக் கூப்பிட்டு, கோட்டுச்சேரி சாலைப் பட்டறைக்காரருக்குச் சொல்லியனுப்பினாள். "அவன் எதுக்கும்மா, நானே எடுத்துடுவேன்" என்றார் அப்பா.

பட்டறைக்காரர் சைக்கிளில் வந்தார். சின்ன உளியை ஸ்குரூத் தலையின் விளிம்பில் சாய்த்து வைத்து, கழலும் பக்கமாகச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். வெகு நேரம் அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு நின்றது. கையில் எடுத்ததைத் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"அண்ணே, இது இஞ்சு ஸ்குரூ. எவன் போட்டது?"

அப்பா குனிந்து மண்ணெண்ணெய்ப் புட்டியை மூடினார்.

"எங்களுக்கெல்லாம் பாடம் எடுக்குறவரு வீட்டுலயே இப்படியா?" என்று அவர் சிரித்தார். "பழசு எங்க, தொலஞ்சிடுச்சா?"

அப்பா சட்டைப்பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார்.

"இது நல்லாத்தான இருக்கு. இத ஏன் மாத்துனீங்க?"

"இங்க குடுங்க" என்று அத்தை சன்னல் வழியாகக் கையை நீட்டினாள். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். காடி கூர்மையாக இருந்தது, மரை சிதையவில்லை. அதிலிருந்து கண்ணை எடுத்து அப்பாவைப் பார்த்தாள். அப்பா காரின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை ஸ்குரூவைப் பட்டறைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

துளையின் அடிப்பாதியில் மரை கெடாமல் இருந்ததால் பழைய ஸ்குரூ ஒரு தடங்கலும் இல்லாமல் ஏறியது. சாவியைத் திருப்பியதும் எஞ்சின் உறுமியது. நான் கைதட்டினேன். "கெளம்பலாங்க" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்காரர் சைக்கிளில் ஏறினார்.

அப்போது அத்தை கதவைத் திறந்து இறங்கினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் சற்று உரக்கவே கேட்க வேண்டியிருந்தது.

"அவங்க பிரான்சுலேருந்து தனியா வரலையா அண்ணே?"

அப்பா இல்லையென்று தலையசைத்தார். "அந்த ஊர்ப் பொண்ணு."

"கொழந்த?"

"ஒண்ணு."

"நேத்தே சொல்லியிருக்கலாம்."

"வாய் வரலம்மா. அவரு லீவு முடியிற வரைக்கும் வண்டி ஓடலன்னா போதும்னு நெனச்சேன்."

அத்தை பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அப்பா எஞ்சினை நிறுத்தவில்லை. அது ஓடிக்கொண்டிருக்க, பானெட்டில் கையை ஊன்றியபடி நின்றார். நான் பின்சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். வண்டிதான் சரியாகிவிட்டதே, இப்போது புறப்பட்டால்கூட விடிவதற்குள் போய்விடலாமே என்று அழுதேன். அவர்கள் பேசியது முழுவதும் என் காதில் விழுந்தது. யாருக்கோ குழந்தை இருப்பதற்கும் நாங்கள் போகாததற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் தெரியவில்லை.

எனக்கு எட்டிய காரணம் ஒன்றே ஒன்று. அப்பா தப்பான ஸ்குரூவை வாங்கிவந்து நாளைப் பாழாக்கிவிட்டார். மறுநாளிலிருந்து அத்தை ஏன் புறப்படவில்லை என்று விசாரிக்க ஒவ்வொருவராக வந்தார்கள். யாரும் கேட்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டேன். ஒரு ஸ்குரூவைப் பார்த்து வாங்கக்கூட அப்பாவுக்குத் தெரியவில்லை, அதனால்தான் பயணம் கெட்டது என்று அக்கம்பக்கத்திலும் பள்ளிக்கூடத்திலும் சொன்னேன். எதிர்வீட்டுக்காரி அதைக் கேட்டு விழுந்துவிழுந்து சிரித்தாள்.

பெரியவர்கள் பேச்சில் குறுக்கே வந்தால் அதட்டும் அம்மா அந்த வாரம் முழுவதும் என்னைப் பேசவிட்டாள். ஒருநாள் விசாரிக்க வந்தவர்களிடம் அப்பாவின் எதிரிலேயே நான் அதைச் சொன்னேன். அவர், ஆமாம், பார்க்காமல் வாங்கிவிட்டேன் என்றார்.