மங்கை மிஸ் ஏற்றுக்கொண்ட பழி

சென்ற செவ்வாய்க்கிழமை, பண்டாரவளையில் வேலை செய்யும் என் மகள் போனில் அழுதாள். "அப்பா, மங்கை மிஸ் செத்துப்போயிட்டாங்களாம்." தேயிலைத் தொழிற்சாலையில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன். சூப்பர்வைசர் திட்டியது காதில் ஏறவில்லை.

மிஸ் எங்கள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்துவந்தவர், யாழ்ப்பாணத்துக்காரர். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. டாக்டர் எழுதிய துண்டை நீட்டியதும் மருந்து வராது. "வீட்டில வேற என்ன குடிக்கிறீங்கள்?" என்று தொடங்குவார். ஒருமுறை வரிசையில் நின்ற அம்மா ஒருவர், "பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல கேள்வி கேக்குறீங்க மிஸ்!" என்றார். "மாப்பிள்ளை பிடிக்காட்டித் திருப்பி அனுப்பலாம். குடிச்ச மருந்தை அனுப்ப ஏலாது" என்றார் மிஸ்.

நான் ஓ.எல். பரீட்சையை இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் கணக்கில் விழுந்தவன். ஆனாலும் மருந்துப் பெட்டியின் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன் என்பதால் எங்கள் லயத்துக்கு நான்தான் அரை டாக்டர். நான்கு வருடத்துக்கு முன், மகள் காசநோய் மாத்திரை குடித்துவந்தபோது காய்ச்சல் வந்தது. அரை டாக்டர் வைத்தியத்தில் இறங்கினார். நான்கு மணி நேரத்துக்கொருமுறை இரண்டு பெரசிட்டமோல். கூடவே பக்கத்து வீட்டில் மிஞ்சிய சளி, தடிமன் மாத்திரை. அதற்குள்ளும் பெரசிட்டமோல்தான் இருந்திருக்கிறது. நான்காம் நாள் வாந்தி. கண் மஞ்சளாகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் மிஸ் அவள் கண்ணைப் பார்த்தார், நான் கொண்டுபோன மருந்துப் பையைக் கவிழ்த்தார், டாக்டரிடம் ஓடினார். பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டி வரும்வரை எங்களோடு நின்றார். "தனித்தனியா ரெண்டும் நல்ல மருந்துதான். காசநோய் மாத்திரை ஈரலின்ர வேலையை மாத்தி வைக்கும். அந்த நேரம் பெரசிட்டமோல் அளவு மிஞ்சினா, அது அங்க கூடுதலா நஞ்சாகும்" என்றார்.

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அப்பாவில பிழையில்லை பிள்ளை. நான்தான் சொல்ல மறந்திட்டன்" என்றார் மிஸ்.

மகள் பிழைத்தாள். காசநோய் மாத்திரைகளை நிறுத்தி, ஈரல் தேறியபின் ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கினார்கள். தினமும் காலையில் நான் கொடுக்க, மறுபேச்சில்லாமல் விழுங்கினாள்.

மிஸ் எதையும் மறக்கவில்லை. "கேட்காம வேற ஒரு மாத்திரையும் குடுக்கக்கூடாது" என்று காசநோய் மாத்திரை தந்த முதல் நாளே என்னிடம் மூன்று தரம் சொல்லியிருந்தார். "ஆமாங்க மிஸ்" என்று நானும் பெரிய மனுஷன் போலத் தலையாட்டியிருந்தேன். பிறகு ஒருநாள், ஏன் பழியை ஏற்றீர்கள் என்று கேட்டேன்.

"உங்கட கையாலதான் அவள் இன்னும் எத்தனை மாசம் மருந்து குடிக்க வேணும். அந்தக் கையைக் கண்டு பயந்தா எப்பிடிக் குடிப்பாள்?"

அவர் சொன்ன அந்தப் பொய்யில் நான் நான்கு வருடம் நல்ல அப்பாவாக இருந்துவிட்டேன். நான் எழுதும் இதை மகள் படிப்பாள்; படிக்கட்டும். மிஸ் சுமந்த பழி என்னுடையது. அவர் போய்விட்ட பிறகாவது அதை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.