சுவருக்கு வந்த கை

போன மாதம் பெயின்டர் ஒருவர் எங்கள் பொன்னேரி வீட்டுக்கு வந்தார். ஹாலுக்குள் நுழைந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்தார். “மேடம், இங்க ஓதம் ஏறிக்கினு இருக்குது. மொதல்ல அத சரி பண்ணணும்” என்றார்.

அது ஓதம் இல்லை. ஃப்ரேம் போடாமல் நான் ஒட்டிவைத்திருந்த போட்டோ!

பழவேற்காடு ஏரியில், தண்ணீருக்கு அடியில், நானே எடுத்தது. வாட்டர் ப்ரூஃப் கேமரா வாங்கிய நாளிலிருந்து எனக்கு இந்தப் பைத்தியம். அந்தமான் போனால் நீலத் தண்ணீரும் மஞ்சள் மீனும் கிடைக்கும். நம் ஏரியில்? இடுப்பளவு தண்ணீர், கீழே சேறு. காலை ஊன்றினாலே கலங்கிவிடும். கலங்குவதற்குள் ஒரு க்ளிக் — அவ்வளவுதான்.

எடுத்தாகிவிட்டது. எங்கே மாட்டுவது? எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம்... விடவில்லை. பாத்ரூம் கதவில் ஒட்டினேன், ஈரத்தில் சுருண்டுகொண்டது. படுக்கைக்கு நேர் மேலே சீலிங்கில் ஒட்டினேன். மூன்றாம் நாள் வீட்டுக்காரர் தலையணையோடு ஹாலுக்குப் போய்விட்டார். மூச்சு முட்டுகிறதாம்! பளபளக்கும் பேப்பரில் பிரின்ட் போட்டால் ஜன்னல்தான் தெரிகிறது, படம் தெரிவதில்லை. பளபளப்பில்லாத பேப்பர்தான் சரி என்று அதற்கப்புறம் புரிந்தது. கடைசியில் நாலைந்து படங்களை டீப்பாய் கண்ணாடிக்கு அடியில் செருகினேன்.

அதுதான் சரியான இடம் என்று சொன்னவர் கன்னியம்மா.

எங்களுக்கு இறால் கொண்டுவருபவர். வலை கிடையாது, படகு கிடையாது. தண்ணீரில் கழுத்து வரை அமிழ்ந்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவித் தடவியே இறால் பிடிப்பார். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் பின்னிய பறி. அதன் கயிறு பல்லில் இருக்கும். கேமராவோடு நான் ஏரியில் இறங்கியதே அவர் பின்னால்தான்.

அன்று அவர் வெறுங்கையோடு வந்திருந்தார். டீப்பாய் முன்னால் குந்தி உட்கார்ந்து குனிந்து பார்த்தார். “தண்ணிய இப்டி மேலருந்துதான் பாக்கணும்” என்றார். பிறகு படத்தில் விரலை வைத்தார். “இது எறா மீசை. இது நண்டு போன தடம்...” எனக்கு வெறும் சேறாகத் தெரிந்த இடமெல்லாம் அவருக்குப் பழகின தெருவாகத் தெரிந்தது.

ஒரு படத்தில் விரல் நின்றுவிட்டது. சேற்றில் பாதி புதைந்த கை. விரலிடுக்கில் இறால். கட்டைவிரலில் கெளுத்தி முள் கிழித்த தழும்பு.

“இன்னா யக்கா... இது என் கை!”

“உங்க கையேதான்.”

“முப்பது வருசமா தடவிக்கினு கீறேன். அது உள்ள இன்னா பண்ணுதுன்னு இன்னிக்குத்தான் பாக்குறேன்.” டீப்பாய் கண்ணாடியை முந்தானையால் துடைத்தார். “எனக்கு இத பெருசா போட்டுக் குடு. எங்க வூட்ல ஒரு ஆள் பாக்கணும்.”

அந்த ஆள் அவர் மகன் ஏழுமலை. காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலை. புது வீடு கட்டியிருக்கிறான். கூட வேலை செய்கிறவர்கள் விருந்துக்கு வரப்போகிறார்கள். அதற்குள் அம்மா ஏரிக்குப் போவதை அடியோடு நிறுத்திவிட வேண்டும் என்று ஒரே பிடி. பறியை எடுத்துப் பரணில் போட்டுவிட்டானாம். கன்னியம்மா தண்ணீரில் இறங்கி நாலு நாளாகிறது.

விட முடியுமா? படத்தை ஒன்றரை அடி அகலத்துக்குப் போட்டு, ஃப்ரேம் மாட்டி, ஞாயிற்றுக்கிழமை காலை நானே தூக்கிக்கொண்டு போனேன்.

ஏழுமலை நல்ல பையன். நாற்காலி போட்டான், குடிக்கக் கலர் வாங்கி வந்தான். படத்தைப் பிரித்ததும் முகம் மாறிவிட்டது.

“இன்னாமா இது? வர்றவங்க யார் கைன்னு கேட்டா நான் இன்னா சொல்றது?”

“எங்கம்மா கைன்னு சொல்லு.”

“சேத்த தடவுற கைய எல்லாருக்கும் காட்டணுமா? நீ கஷ்டப்பட வேணாம்னுதான சொல்றேன்.”

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மா முட்டி வீங்கி நொண்டுவதைப் பார்த்தே வளர்ந்தவன். ஆனால் அந்தப் பேச்சில் அக்கறையோடு வெட்கமும் இருந்தது. எனக்கே சுருக்கென்றது. பெற்றவருக்கு எப்படி இருந்திருக்கும்?

கன்னியம்மா குரலை உயர்த்தவில்லை. “கஷ்டம்னு நான் சொன்னேனா? முட்டி வலிச்சா நானே நின்னுப்பேன். நீ நிறுத்தாத. பறிய எறக்கு.”

ஏழுமலை சுவரைப் பார்த்தான். அங்கே மாலை போட்ட ஒரே ஒரு படம் — இறந்துபோன அவன் அப்பா.

“நைனா போட்டோ பக்கத்துல இத மாட்டுறதா? செவுத்துல செத்தவங்களத்தான்மா மாட்டுவாங்க!”

“அதான்டா நானும் சொல்றேன். செத்தப்புறம் என் மூஞ்சிய மாட்டுவ, மால போடுவ. அப்ப எனக்கு இன்னா தெரியப் போவுது? உசுரோட கீற வரிக்கும் கைய மாட்டு.”

நான் கலர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழுமலை ஸ்டூலைப் போட்டுப் பரணில் கைவிட்டான். முதலில் பறி இறங்கியது. அப்புறம் சுத்தியல்.

“எங்க அடிக்கறது?”

“வாசலுக்கு நேரா. உள்ள வர்றவன் மொதல்ல அதத்தான் பாக்கணும்.”

வீட்டில் படம் மாட்ட எத்தனையோ ஐடியா சொல்வார்கள்... ஃப்ரேம், லைட், சுவருக்கு மேட்ச்சாகக் கலர்... எல்லாம் நானும் செய்து பார்த்தவள்தான். யார் பார்க்க வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருங்கள். ஆணி அடிக்கும் இடம் தானாகத் தெரிந்துவிடும்.

விருந்துக்கு வந்தவர்கள் யார் கை என்று கேட்டார்களா? கேட்டார்களாம். ஏழுமலைதான் வாயைத் திறந்து “எங்கம்மா கை” என்று சொல்ல வேண்டியிருந்ததாம்...

கன்னியம்மா அப்போது ஏரியில் இருந்தார்!