கொங்-லை

மார்க்கம் நகரில் ஒரு சின்ன அச்சகத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். முதலாளியம்மா ஹொங்கொங்கிலிருந்து வந்தவர். அதிகம் வருவது கல்யாண அழைப்பிதழ்கள்தான். எனக்குச் சீன எழுத்து வாசிக்கத் தெரியாது. உறைகளில் பெயருக்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்துகளை மட்டும் தெரியும். கொங்-லை. கணவனையும் மனைவியையும் சேர்த்து மரியாதையாகக் குறிக்கும் கன்ரனீஸ் சொல். தனி ஆளுக்கு அதைப் போடவே கூடாது என்று முதல் வாரமே முதலாளியம்மா சொல்லித் தந்திருந்தார்.

முந்தின வருட வசந்தத்தில் உறைகளை அடுக்கும்போது என் கணவரின் பெயரைக் கண்டேன். பிறம்ரனில் அவர் வேலை செய்யும் வெயார்ஹவுஸின் சீன முதலாளி வீட்டுக் கல்யாணம். பெயர் ஆங்கிலத்தில்; பின்னால் கொங்-லை. அங்கே ஒருவரும் என்னைக் கண்டதில்லை. இருந்தும் என்னையும் அழைத்திருக்கிறார்களே என்று சந்தோஷப்பட்டேன். அவரே கொண்டுவந்து காட்டட்டும் என்று வாய் திறக்காமல் இருந்தேன். சேலைக்கு பிளவுஸ்கூடத் தைக்கக் கொடுத்தேன்.

இரண்டு கிழமை கழித்துச் சாப்பிடும்போது சொன்னார்: "சனிக்கிழமை முதலாளி வீட்டுக் கலியாணம். போட்டு வாறன்."

"தனியவோ?"

"ஓம். வேலை ஆக்களுக்கு மட்டும்தான் சொன்னவை."

உறையில்தான் பிழை நடந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அவருடைய சேர்ட்டை அயர்ன் பண்ணிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை முதலாளியம்மா தானும் அந்த விருந்துக்குப் போனதாகச் சொல்லி, போனில் படம் காட்டினார். என் கணவரை அவருக்குத் தெரியாது.

"உங்கள் ஊர்த் தம்பதி, என் மேசையில்தான் இருந்தார்கள். தெரியுமா?"

என் கணவரின் தோளில் சாய்ந்தபடி நீலச் சேலையில் ஒருத்தி.

"அந்த மனைவி வருடா வருடம் வட்டமாக, மொறுமொறுவென்று ஏதோ பலகாரம் செய்து அனுப்புவாராம். எல்லாரும் புகழ்ந்தார்கள்."

அந்த முறுக்கு நான் சுட்டது.

பின்னேரம் அவர் வந்ததும், "ஆர் அது?" என்று கேட்டேன். சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"தெரிஞ்ச ஒராள். அவையளே என்ரை மனுசியெண்டு நினைச்சிட்டினம். நான் திருத்தேல்லை."

"எத்தினை வருசமா?"

"மூண்டு."

மன்னிப்புக் கேட்பார் என்று நின்றேன்.

"உம்மை அங்கை ஒருத்தருக்கும் தெரியாதுதானே. உமக்கு என்ன வெக்கம்?" என்றார்.

அடுத்த நாள் ரூஜ் பகுதியிலுள்ள தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டேன். அவர் ஒரே ஒருமுறை போன் எடுத்தார், வீட்டுக் காப்புறுதிக் கடிதம் எங்கே என்று கேட்க.

முதலாளியம்மாவிடம் ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னேன். "அந்த இருவரையும் நல்ல தம்பதி என்று நான் எழுந்து நின்று வாழ்த்தினேனே," என்று அழுதார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன்.